மாரண்டஹள்ளிக்கு ஒரு கிரகம்

நாகர்கோவில்காரனுக்கு தர்மபுரி மாவட்டமும் வெளிநாடுதான். கடல் கிடையாது, கடல் மீன் கிடையாது, பேசுகிற தமிழும் வேறு. நானோ பிழைப்புக்காக ஹாலந்துக்குப் போய் அங்கேயே தலை நரைத்தவன். ஆக, ஒரு வெளிநாட்டிலிருந்து புறப்பட்டு இன்னொரு வெளிநாட்டில் போய் இறங்கிய கதை இது. நடுவில் பெங்களூர்.

பெங்களூரில் எங்கள் தொழில்காரர்களின் கூட்டம் ஒன்று இருந்தது. விண்வெளித் தொலைநோக்கிகள் அனுப்பும் தரவுகளை வைத்து நட்சத்திரங்களை ஆராய்வது என் வேலை. இதைச் சொன்னதும் ஜனங்கள் நான் விடிய விடிய மொட்டைமாடியில் கழுத்து வலிக்க நிற்பவன் என்று நினைத்துவிடுகிறார்கள். உண்மையில் நான் காலையில் ஆபீஸ் போய் சாயங்காலம் வீடு திரும்பும் ஆள். தொலைநோக்கி ஆகாயத்தில் இருக்கிறது. அதற்கு இரவும் ஒன்றுதான், பகலும் ஒன்றுதான். அது பார்த்ததை எல்லாம் எண்களாக அனுப்பிவிடும். நாங்கள் நாற்காலியில் சாய்ந்து, காப்பி குடித்துக்கொண்டே அந்த எண்களைப் பார்ப்போம். வானத்தைக் காட்டி "அது என்ன நட்சத்திரம்?" என்று கேட்டால், நிலாவைத் தவிர வேறெதையும் நான் அடித்துச் சொல்ல மாட்டேன்.

மஞ்சுளா தர்மபுரியில் ஒரு கல்லூரியில் இயற்பியல் நடத்துகிறார். வீடு மாரண்டஹள்ளியில். மூன்று வருடமாக நாங்கள் சேர்ந்து வேலை செய்கிறோம், ஒரு தடவைகூட நேரில் பார்த்ததில்லை. திரையில் அவர் முகம் தெரியும், பின்னால் ஒரு சேவல் கூவும், அவ்வளவுதான் எனக்கு மாரண்டஹள்ளி. ஒரே மேகத்திலிருந்து ஒன்றாகப் பிறந்த நட்சத்திரங்களின் கொத்து ஒன்றை விண்வெளித் தொலைநோக்கி வாரக்கணக்கில் முறைத்துப் பார்த்திருந்தது. அதில் ஒரு நட்சத்திரத்தின் வெளிச்சம் நான்கு நாளைக்கு ஒருமுறை துளியூண்டு மங்குகிறது என்று கண்டுபிடித்தவர் மஞ்சுளா. கம்ப்யூட்டர் அதைக் குப்பை என்று ஒதுக்கியிருந்தது. அவர் கண்ணால் பார்த்து எடுத்தார். நட்சத்திரத்துக்குக் குறுக்கே ஒரு கிரகம் போனால்தான் அப்படி மங்கும். அதுவும் பிறந்து அதிக காலம் ஆகாத பச்சைக்குழந்தைக் கிரகம். கட்டுரை எழுதி, அவர் பெயரை முதலில் போட்டு, பத்திரிகைக்கு அனுப்பிவிட்டு ஏற்புக்குக் காத்திருந்தோம்.

பெங்களூர்க் கூட்டத்தின் கடைசி நாள், தேநீர் இடைவேளையில் ஒரு நண்பர் என்னைத் தூணுக்குப் பின்னால் தள்ளிக்கொண்டு போய் ஒரு படத்தைக் காட்டினார். கூர்மையான பார்வை உள்ள வேறொரு தொலைநோக்கியில் எடுத்தது. எங்கள் நட்சத்திரம் இமைக்கவே இல்லை. அதன் காலடியில் ஒட்டிக்கொண்டிருந்த மங்கலான இரட்டை நட்சத்திரங்கள் ஒன்றையொன்று மறைத்து மறைத்து விளையாடிக்கொண்டிருந்தன. மங்கியது அந்த ஜோடிதான். மஞ்சுளாவின் கிரகம் இல்லை. இருந்ததும் இல்லை.

இதை மின்னஞ்சலில் எழுத எனக்குக் கை வரவில்லை. "பக்கத்தில்தான் இருக்கிறேன், மாரண்டஹள்ளி வருகிறேன், நேரில் ஒரு விஷயம் பேச வேண்டும்" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். நான் செய்த முட்டாள்தனங்களில் அந்த ஒரு வாக்கியத்துக்கு முதலிடம் தரலாம்.

வெள்ளிக்கிழமை ஓசூரில் பஸ் ஏறினேன். நிற்க இடம் கிடைத்ததே அதிர்ஷ்டம். எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்த இரண்டு பெண்கள் என் பெட்டியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துக் கன்னடத்தில் ஏதோ பேசிக்கொண்டார்கள். பக்கத்தில் நின்ற பெரியவரிடம் என்ன சொல்கிறார்கள் என்று கேட்டேன். அவர் கூச்சப்படாமல் மொழிபெயர்த்தார். முதலாமவர், "இந்த ஆள் பொண்ணு பார்க்கப் போறவரா?" என்று கேட்டாராம். இரண்டாமவர், "மூஞ்சியைப் பார், இழவு சொல்லப் போறவர் மாதிரி இருக்கு" என்றாராம். இவ்வளவு துல்லியமாக என் முகத்தை என் மனைவிகூடப் படித்ததில்லை.

ராயக்கோட்டை தாண்டியதும் யாருடைய போனோ அலறியது. மொத்த பஸ்ஸும் சட்டைப் பையில் போன் துருத்திக்கொண்டிருந்த ஒரு பருத்த மனிதரை முறைத்தது. கண்டக்டர், "போனை எடுங்கண்ணா" என்று அதட்டினார். அவர் பாவம், தன் போனை எடுத்துக் காட்டினார், அது சும்மா இருந்தது. அவர் முதுகோடு ஒட்டி நின்ற ஒல்லியான ஆளின் மஞ்சள் பைக்குள்ளிருந்துதான் அந்தச் சத்தம். எங்களுக்கு நேர்ந்ததும் இதேதான். நட்சத்திரக் கொத்து நெரிசலான பஸ். எங்கள் தொலைநோக்கியின் படத்தில் ஒரே புள்ளிக்குள் நாலைந்து நட்சத்திரங்கள் குடித்தனம் நடத்தும். சத்தம் வந்த இடத்தில் பெரிய ஆள் யாரோ அவரைப் பிடித்துக்கொண்டோம். பஸ் சிரித்தது, நானும் சிரித்தேன்.

மாரண்டஹள்ளியில் இறங்கியதும் என்னை வரவேற்றது நானேதான். பஸ் நிறுத்தத்துக்கு எதிரே ஆளுயரத்துக்கு ஒரு பிளெக்ஸ் பேனர். "விண்ணில் புதிய கிரகம் கண்ட எங்கள் மண்ணின் மகளுக்கு மாபெரும் பாராட்டு விழா" என்று மேலே. நடுவில் மஞ்சுளா, பட்டுப்புடவையில். வலது பக்கம் கோட்டுப் போட்ட நான், கும்பிட்டுக்கொண்டு. என் வாழ்நாளில் நான் அப்படி ஒரு படத்துக்கு நின்றதில்லை. தலை என்னுடையது, கைகள் வேறு யாருடையவோ. கீழே, "வாழ்த்த வருகிறார் அமெரிக்க விஞ்ஞானி". மஞ்சுளாவின் கிரகம் என்று சனி கிரகத்தை வளையத்தோடு போட்டிருந்தார்கள். அடியில் வரிசையாகக் கறுப்புக் கண்ணாடி போட்ட அன்பர்கள். விழா ஞாயிற்றுக்கிழமை.

மஞ்சுளா ஓட்டமும் நடையுமாக வந்தார். என்னைவிட ஒரு சாண் உயரம். திரையில் இதெல்லாம் தெரிவதில்லை.

"தப்பா நெனச்சுக்காதீங்க சார்," என்றார். "நேர்ல வந்து ஒரு விஷயம் பேசணும்னு சொன்னீங்க இல்லீங்களா, அதைப் பெரியப்பா கேட்டுட்டாருங்க. வெளிநாட்டுல இருந்து ஒருத்தரு நேர்ல வர்றாருன்னா, கிரகம் உறுதி ஆயிருச்சுன்னு அவரே முடிவு பண்ணிட்டாரு. அன்னைக்கே மண்டபம் புடிச்சுட்டாருங்க. நான் எவ்வளவோ சொன்னேன்."

அவர் சொல்வது கொஞ்சம் சிணுங்கல் மாதிரி இருந்தாலும் முகம் முழுக்கச் சந்தோஷம். நான் பேனரைப் பார்த்தேன், பேனரில் இருந்த நான் என்னைப் பார்த்துக் கும்பிட்டேன். விஷயத்தை அப்போதே, அந்த இடத்திலேயே சொல்லியிருக்க வேண்டும். "படம் நல்லா வந்திருக்கு" என்று சொன்னேன்.

பெரியப்பா மாதையன் முன்னாள் பேரூராட்சி உறுப்பினர். வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி, மைக் இல்லாமலேயே மைக் பிடித்த குரல். "வாங்க விஞ்ஞானி!" என்று என்னைக் கட்டிப்பிடித்தார். வீட்டில் இலை போட்டிருந்தது. மஞ்சுளாவின் அம்மா காவேரியம்மா கிரிக்கெட் பந்து மாதிரி ஒரு ராகிக் களி உருண்டையை வைத்து, அதில் குழி பறித்து நாட்டுக்கோழிக் குழம்பை ஊற்றினார். நான் பழக்கதோஷத்தில் மென்றேன். வீடே பதறியது.

"மெல்லாதீங்க சாமி! களியை முழுங்கணுங்க. மென்னா ஒட்டிக்கும்."

ஹாலந்தில் மதியச் சாப்பாடு என்பது இரண்டு ரொட்டித் துண்டுக்கு நடுவில் ஒரு பாலாடைக்கட்டி. அதை எவ்வளவு மென்றாலும் யாரும் கவலைப்பட மாட்டார்கள், நீங்கள் சாப்பிட்டீர்களா என்றே யாரும் கேட்க மாட்டார்கள். இங்கே என் தொண்டைக்குள் களி இறங்குகிறதா என்று எட்டுப் பேர் கவனித்துக்கொண்டிருந்தார்கள். இரண்டாவது உருண்டையில் வித்தை பிடிபட்டுவிட்டது. மூன்றாவதை நானே கேட்டு வாங்கினேன்.

சாயங்காலம் ஊர் வந்தது. வந்தவர்கள் எல்லோருக்கும் அந்தக் கிரகத்தைப் பற்றி ஒரே கேள்விதான்.

"அங்க தண்ணி இருக்குதுங்களா?"

மஞ்சுளா சலிக்காமல் பதில் சொன்னார். "இல்லீங்க மாமா. நட்சத்திரத்துக்கு ரொம்பக் கிட்ட இருக்குது. இரும்பே உருகிப்போற சூடுங்க."

"அப்ப நம்ம பக்கம் மாதிரிதான்னு சொல்லு."

"அங்க ஒரு வருஷங்கறது நம்ம நாலு நாளுங்க," என்றார் மஞ்சுளா.

காவேரியம்மா உள்ளேயிருந்து குரல் கொடுத்தார். "நாலு நாளைக்கு ஒருக்கா பொங்கலா? யாரு வூட்டுக்கு வெள்ளையடிக்கிறது?"

அடுத்து பெயர் வைக்கும் பஞ்சாயத்து ஆரம்பித்தது. கிரகத்துக்கு மாரியம்மன் பெயர்தான் வைக்க வேண்டும் என்று ஒரு தெரு. முனியப்பன் பெயர் வைக்காவிட்டால் மண்டபத்துக்கே வர மாட்டோம் என்று இன்னொரு தெரு. இரண்டு பக்கமும் என்னைப் பார்த்தது. நான் சுண்டலை வாயில் போட்டுக்கொண்டேன். இத்தனை வருட அனுபவத்தில் எந்த ஆராய்ச்சிக் கூட்டத்திலும் ஒரு கிரகத்துக்காக இவ்வளவு சூடாக வாதாடி நான் பார்த்ததில்லை. இருக்கிற கிரகங்களுக்கே இந்தக் கொடுப்பினை கிடையாது. எனக்கு அவர்கள் எல்லோரையும் பிடித்துப்போய்விட்டது, அதனாலேயே சொல்ல வாய் வரவில்லை.

சனிக்கிழமை காலை மொரப்பூர் போக வேண்டியிருந்தது. மஞ்சுளாவின் கணவர் குமரேசன் சென்னையில் வேலை பார்க்கிறார். விழாவுக்காக ரயிலில் வந்து மொரப்பூரில் இறங்குகிறார். பெரியப்பாவின் ஆம்னி வேனில் நாங்கள் மூன்று பேர். இந்தப் பயணத்தில் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன், ஆனால் பெரியப்பா வண்டியையும் பேச்சையும் ஒரே வேகத்தில் ஓட்டினார்.

ஓரிடத்தில் காட்டுக்குள் (இந்தப் பக்கம் வயலைத்தான் காடு என்கிறார்கள்) ஆழ்துளைக் கிணறு தோண்டும் போர் வண்டி நின்று கடகடவென்று துளை போட்டுக்கொண்டிருந்தது. சுற்றிலும் ஒரு குடும்பமே நின்று வாய் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தது. வெள்ளை வெளேரென்று தூசி கிளம்பிக்கொண்டிருந்தது. பெரியப்பா வேனை நிறுத்திவிட்டார்.

"புகைங்க," என்றார் மெதுவாக. அவர் மெதுவாகப் பேசி அப்போதுதான் கேட்டேன். "தண்ணி கிடைச்சா சேறு பீச்சும். கிடைக்கலைன்னா இப்படிப் பாறை மாவு புகையா வரும். என் காட்டுல நான் போட்டதுல பாதிக்கு மேல புகைதாங்க."

"அப்புறம் என்ன செய்வீங்க?"

"என்னாங்க செய்யறது? துளை போட வந்தவங்களுக்கு வயிறாரச் சோறு போட்டு அனுப்பணும். தண்ணி வந்தாலும் சோறு, வராட்டியும் சோறு. அது எங்க பக்கத்து வழக்கமுங்க."

பிறகு மீண்டும் பழைய குரலுக்குத் திரும்பி, தக்காளி, ரோடு, மாம்பழம் என்று பேசிக்கொண்டே புதிய நான்குவழிச் சாலையில் இறங்க வேண்டிய இடத்தை விட்டுவிட்டார். தர்மபுரிக்குள் போக வேண்டியவர்கள் அதியமான்கோட்டையில் போய் நின்றோம். அதற்காக அவர் வருத்தப்படவில்லை. "வந்தது வந்தோம், டீ சாப்பிடலாம்" என்று நெடுஞ்சாலைக் கடை ஒன்றில் இறங்கினார். சட்டைப் பையிலிருந்து விழா நோட்டீஸ் ஒரு கத்தை எடுத்து, கல்லாவில் ஒன்று, லாரி டிரைவர்களுக்கு ஆளுக்கு ஒன்று, முறுக்கு டப்பா மேல் ஒன்று என்று விநியோகித்தார். "இவருதான் அமெரிக்க விஞ்ஞானி" என்று என்னைக் காட்டினார்.

"ஹாலந்துங்க," என்றேன்.

"அமெரிக்காவுல அது எந்தப் பக்கமுங்க?" என்று டீக்கடைக்காரர் கேட்டார். அதற்குள் அங்கிருந்த ஒருவர் என்னோடு செல்பி எடுத்துக்கொண்டார். ஒவ்வொரு நோட்டீஸும் கைமாறும்போது எனக்குத் தேநீர் கசந்தது.

மொரப்பூருக்கு ஆலாய்ப் பறந்து போனோம். ரயில் தாமதம். வழக்கமாக ரயில் தாமதமானால் எனக்குக் கோபம் வரும். ஹாலந்தில் இரண்டு நிமிடத்துக்கே வந்து பழகிய கோபம். அன்றைக்கு அது வரவில்லை. பெரியப்பா வேனிலேயே சீட்டைச் சாய்த்துக் குறட்டை விட ஆரம்பித்தார். நானும் மஞ்சுளாவும் நடைமேடையில் வேப்பமர நிழலில் உட்கார்ந்தோம். இனி மறைக்க இடமில்லை.

"மஞ்சுளா, ஒரு படம் காட்டணும்."

போனை வாங்கி, வெயில் படாமல் முந்தானையால் மறைத்துக்கொண்டு பார்த்தார். இரண்டு விரலால் பெரிதாக்கினார். ஒரு கூட்ஸ் வண்டி தடதடவென்று போனது. அது போய் முடியும்வரை அவர் தலையைத் தூக்கவில்லை.

"இமைக்கிறது பக்கத்துல மங்கலா இருக்குதே, அதுங்களா சார்?"

"ஆமா."

"நம்மளுது?"

"இமைக்கவே இல்ல."

"ஒரு தடவைதான் பாத்தாங்களா?"

"ரெண்டு தடவை. ரெண்டு தடவையும் இப்படித்தான்."

கருவியில் கோளாறு இருக்குமா, நேரத்தைக் கணக்குப் போட்டதில் பிசகு இருக்குமா என்று இன்னும் சில கேள்விகள் கேட்டார். பெங்களூரில் தூணுக்குப் பின்னால் நின்று நான் கேட்ட அதே கேள்விகள், கிட்டத்தட்ட அதே வரிசையில். எல்லாவற்றுக்கும் நண்பர் எனக்குச் சொன்ன பதிலையே நான் அவருக்குச் சொன்னேன். கடைசியில் போனைத் திருப்பிக் கொடுத்தார்.

"அப்ப இல்லீங்க சார்," என்றார்.

எனக்கு அழுகை வந்தது. அவருக்கு வரவில்லை, அது இன்னும் மோசமாக இருந்தது. விழாவைத் தள்ளிவைத்துவிடலாம், எனக்குக் காய்ச்சல் என்று சொல்லிவிடுகிறேன் என்றேன்.

"உங்களுக்குக் காய்ச்சல்னா ஊரே பழம் வாங்கிக்கிட்டுப் பாக்க வந்துருமுங்க," என்றார்.

ரயில் வந்தது. குமரேசன் ஒரு பெரிய அட்டைப் பெட்டியைப் பச்சைக்குழந்தை மாதிரி இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு இறங்கினார். உள்ளே கேக். உருண்டையாக, சாக்லேட் நிறத்தில், ஒரு கிரகம். "வளையம் மட்டும் ஜோலார்பேட்டையில உடைஞ்சுபோச்சு" என்று மனைவியிடம் மன்னிப்புக் கேட்டார். மஞ்சுளா பெட்டிக்குள் எட்டிப் பார்த்துச் சிரித்தார். "நம்மளுதுக்கு வளையமே இல்லீங்களே" என்றார். நான் திரும்பி நின்று ரயிலின் பெட்டிகளை எண்ணுகிற மாதிரி பாவனை செய்தேன்.

திரும்பும் வழியெல்லாம் பெரியப்பாவும் குமரேசனும் பேசினார்கள். வீடு வந்ததும் மஞ்சுளா லேப்டாப்பை எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். சாப்பாட்டு நேரத்துக்கு வெளியே வந்து எனக்குக் கீரைக் கடைசல் பரிமாறினார். நான் கண்ணாலேயே கேட்டேன்.

"நாளைக்கு நானே பேசிக்கிறேன் சார். பழைய டேட்டாவை மறுபடி பாத்துட்டேன். அவங்க சொல்றதுதான் சரிங்க. நீங்க மேடையில எதுவும் பேசாம இருந்தாப் போதும்." என்ன பேசப்போகிறார் என்று அவர் சொல்லவில்லை. ஒருவேளை ஒன்றும் சொல்லாமல் விழாவை ஒப்பேற்றிவிடுவாரோ என்று எனக்குச் சந்தேகம் வந்தது. அப்படிச் செய்தால் தடுப்பேனா என்று யோசித்துப் பார்த்தேன். தடுக்க மாட்டேன் என்றுதான் தோன்றியது.

ஞாயிற்றுக்கிழமை மண்டபம் நிரம்பிவிட்டது. மாரியம்மன் தெருவும் வந்திருந்தது, முனியப்பன் தெருவும் வந்திருந்தது, அதியமான்கோட்டை டீக்கடைக்காரர்கூட வந்திருந்தார். மேடையில் கேக், வளையம் இல்லாமல். பின்னால் சமையல்கட்டிலிருந்து சாம்பார் வாசனை. பெரியப்பா மைக்கைப் பிடித்து ஆதி காலத்திலிருந்து ஆரம்பித்தார். மழை இல்லாத இந்த மண்ணிலிருந்து ஒரு பெண் ஆகாயத்தையே தோண்டி ஒரு கிரகத்தை எடுத்துவிட்டாள் என்று சொல்லும்போது அவர் குரல் உடைந்தது. கைதட்டல் ஓயவே இல்லை. மஞ்சுளாவுக்குப் போர்த்தப் பட்டுச் சால்வையை அவர் பிரித்தார். மஞ்சுளா அவர் கையைப் பிடித்து நிறுத்தி மைக்கை வாங்கிக்கொண்டார்.

"எல்லாருக்கும் வணக்கமுங்க. இந்த ஊர்ல போர் போடாத குடும்பம் இல்ல. அதனால உங்களுக்குப் புரியற மாதிரியே சொல்றேன். மூணு வருஷத்துக்கு முன்னாடி ஒரு எடத்துல ஈரம் தெரிஞ்சுதுங்க. தண்ணி இருக்குதுன்னு நெனச்சோம். நானும் சாரும் துளை போட்டோம். போட்டுக்கிட்டே போனோம். ஈரம் இருந்தது நெசங்க. ஆனா அது நம்ம காட்டுத் தண்ணி இல்ல, பக்கத்துக் காட்டுலருந்து கசிஞ்சு வந்த தண்ணி. நாங்க கிரகம்னு சொன்னது கிரகம் இல்லீங்க. பக்கத்துல இருந்த வேற ரெண்டு நட்சத்திரம் ஒண்ணை ஒண்ணு மறைச்சிருக்குது. நேத்துதான் எனக்கு உறுதியாத் தெரிஞ்சுது."

குமரேசனிடம் மஞ்சுளா முன்கூட்டியே சொல்லியிருந்தார் போல, அவர் அசையவில்லை. பெரியப்பா சால்வையைப் பிடித்தபடி சிலையாக நின்றார். காவேரியம்மா முதல் வரிசையில் வாயைப் பொத்திக்கொண்டார்.

பின் வரிசையிலிருந்து யாரோ ஒரு பெரியவர், கேலியே இல்லாமல், துக்கம் விசாரிக்கிற குரலில் கேட்டார்.

"அப்ப புகைங்களா கண்ணு?"

"ஆமாங்க. புகைதாங்க."

அந்த ஒரு வார்த்தை போதுமாக இருந்தது. ஐரோப்பாவில் இதை விளக்க நாங்கள் பக்கம் பக்கமாக எழுதுவோம், நான்கு வரைபடம் போடுவோம், அதற்கு மறுப்பு வரும். இங்கே ஒருவர்கூட எதிர்க்கேள்வி கேட்கவில்லை. சிலர் தலையை ஆட்டினார்கள், சில பெண்கள் உச்சுக் கொட்டினார்கள். சிரித்தவர்களும் இருந்தார்கள், இல்லை என்று சொல்ல மாட்டேன். இரண்டு பேர் எழுந்து வெளியே போனார்கள், அவர்கள் பேனரில் கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தவர்கள்.

பெரியப்பா சால்வையை மடித்தார். நான்காக மடித்து, எட்டாக மடித்து, மறுபடி பிரித்து மடித்தார். எனக்கு அவரைப் பார்க்கப் பயமாக இருந்தது. கடைசியில் மைக்கை வாங்கினார்.

"சாப்பாடு தயாரா இருக்குது," என்றார். "யாரும் சாப்புடாம போகக் கூடாது. மொத பந்தியில என் பொண்ணும் விஞ்ஞானியும் உக்காருவாங்க."

உட்கார்ந்தோம். எங்களுக்கு அவரே குனிந்து குனிந்து பரிமாறினார். என் இலையில் வடையை வைக்கும்போது, "ஒரு நாள் முன்னாடி சொல்லியிருக்கக் கூடாதுங்களா?" என்று காதோரம் சீறினார். பிறகு இன்னொரு வடையும் வைத்தார். கேக்கை வெட்டிப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டார்கள். நாலு நிமிடத்துக்குள் கிரகம் தீர்ந்துவிட்டது.

கை கழுவிவிட்டுத் தேடினால் மஞ்சுளாவைக் காணவில்லை. மணமகள் அறை என்று எழுதியிருந்த கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே கண்ணாடி மேசை மேல் லேப்டாப்பைத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மேடையில் ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவர் இப்போது மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தார்.

"மூணு வருஷமா டெய்லி காலையில காலேஜ் பஸ்ல போறப்ப அதையேதான் நெனச்சுக்குவேன் சார்," என்றார். "அங்க இப்ப என்ன வெயில் அடிக்கும், ஆகாசம் என்ன நிறத்துல இருக்கும்னு. கூடப் பொறந்த நட்சத்திரம் எல்லாம் எவ்வளவு பெருசாத் தெரியும்னு. தண்ணி இல்லைன்னு நான்தான் ஊருக்கெல்லாம் சொன்னேன். ஆனா மனசுக்குள்ள ஒரு மழைகூடப் பெய்யவெச்சுப் பாத்தேங்க. நாளைக்கு பஸ்ல எதை நெனைக்கிறதுன்னு தெரியல."

அந்தக் கொத்தில் இன்னும் நூற்றுக்கணக்கான நட்சத்திரங்கள் இருக்கின்றன, தேடலாம் என்றேன். அது உண்மைதான், ஆனாலும் அந்த நேரத்தில் சொல்லக் கூடாத உண்மை. சொன்னதும் எனக்கே அது புரிந்தது. வெளியே இரண்டாம் பந்திக்கு இலை போடும் சத்தம் கேட்டது.

திரையில் பத்திரிகையின் பக்கம் இருந்தது. எங்கள் கட்டுரை, அவர் பெயர் முதலில். பக்கத்தில் 'திரும்பப் பெறு' என்ற பொத்தான். நான் வேண்டுமானால் செய்கிறேன் என்று கையை நீட்டினேன்.

"வேண்டாங்க சார். நான் ஏத்தினது, நானே எறக்கறேன்."

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். பொத்தானை அழுத்தியதும் கம்ப்யூட்டர் தன் வழக்கப்படி, நிச்சயமாகத்தானா என்று ஒருமுறை கேட்டது.

"ஆமாங்க," என்று அதற்கு வாய்விட்டுப் பதில் சொல்லிவிட்டு, மறுபடியும் அழுத்தினார்.